காற்று வராத கார் இருக்கை: விசிறியை மாற்றும் முன் அளந்து பார்க்க வேண்டியவை

புதுடெல்லி: கோடை வெயிலில் மணிக்கணக்கில் நிறுத்தப்பட்ட காரின் தோலுறை இருக்கையில் அமர்ந்து, முதுகோடு சட்டை ஒட்டிக்கொள்ள வாகனம் ஓட்டியவர்களுக்குக் காற்றோட்ட இருக்கையின் அருமையைத் தனியே விளக்க வேண்டியதில்லை. விற்பனை மையங்களில் 'வென்டிலேட்டட் சீட்' என்று அழைக்கப்படும் இந்த வசதி, ஒரு காலத்தில் விலை உயர்ந்த வெளிநாட்டுக் கார்களுக்கே உரியதாக இருந்தது. ஸ்வீடனின் சாப் நிறுவனம் 1990களின் பிற்பகுதியில் தனது 9-5 காரில் இதனை வழங்கியது. இந்தியாவில் 2017ஆம் ஆண்டு வெளிவந்த ஹூண்டாய் வெர்னா, 2019இல் அறிமுகமான கியா செல்டோஸ், 2022இல் புதுப்பிக்கப்பட்ட மாருதி சுசுகி எக்ஸ்எல்6 ஆகியவற்றின் உயர் ரகங்களில் இடம்பெற்ற பின்னர், நடுத்தரக் குடும்பங்கள் வாங்கும் கார்களிலும் இவ்வசதி பரவலாகிவிட்டது.

அவ்வாறு முதலில் வாங்கப்பட்ட கார்களுக்கு இப்போது வயதாகி வருகிறது. அவற்றில் பலவற்றுக்கு நிறுவனத்தின் அடிப்படை உத்தரவாதக் காலமும் முடிந்துவிட்டது. பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிகிறது, ஆனால் இருக்கையில் காற்று வருவதில்லை என்பது இத்தகைய கார்களில் எழக்கூடிய ஒரு புகார். பணிமனைக்குச் சென்றால் 'சீட் ஃபேன் போய்விட்டது' என்ற தீர்ப்பு சில நிமிடங்களில் கிடைத்துவிடக்கூடும். விசிறி மாற்றப்படுகிறது. அதன் பின்னும் சரியாகவில்லை எனில் கட்டுப்பாட்டுப் பெட்டி மாற்றப்படுகிறது. அதுவும் பயனளிக்காவிட்டால் இருக்கையையே மாற்றும்படி கூறப்படுகிறது. ஒவ்வோர் ஊகத்துக்கும் பணம் செலுத்துபவர் காரின் உரிமையாளர்தான்.

பழுது விசிறியில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. விசிறிக்கு மின்சாரம் வந்து, திரும்பிச் செல்லும் பாதையில் ஓரிடத்தில் இணைப்பு தளர்ந்திருந்தாலும் விளைவு ஒன்றே. இவ்விரண்டையும் பிரித்தறிய, சாதாரண மல்டிமீட்டர் ஒன்றும் சரியான வரிசையில் செய்யப்படும் சில அளவீடுகளும் போதுமானவை. எனினும், அதே இருக்கைக்கு அடியில் உயிர்காக்கும் ஏர்பேக்கின் வயரும் செல்கிறது என்பதால், இந்தச் சோதனையைப் பொறுமையின்றிச் செய்வது ஆபத்தானது.

குளிர்சாதனம் அல்ல, விசிறி மட்டுமே

பெரும்பாலான காற்றோட்ட இருக்கைகள் காற்றைக் குளிர்விப்பதில்லை. இருக்கையின் அடிப்பகுதியிலும் சாய்மானத்திலும் பொருத்தப்பட்ட சிறு மின்விசிறிகள், காருக்குள் ஏற்கெனவே உள்ள காற்றை மெத்தைக்குள் இருக்கும் இடைவெளிகள் வழியாகவும் உறையின் நுண்துளைகள் வழியாகவும் நகர்த்துகின்றன. வியர்வை ஆவியாவதால் உடல் குளிர்ச்சியை உணர்கிறது. மின்சாரத்தால் ஒரு பக்கம் குளிரும் பெல்டியர் தகடுகளைக் கொண்ட இருக்கைகளும் உள்ளன என்றாலும், அவை விலை உயர்ந்த கார்களிலேயே அதிகம் காணப்படுகின்றன.

காற்று நகரும் திசையிலும் இரு வகை உண்டு. சில இருக்கைகள் காற்றை மேல்நோக்கி ஊதுகின்றன. வேறு சில காற்றைக் கீழ்நோக்கி உறிஞ்சுகின்றன. உறிஞ்சும் வகை இருக்கையின் மீது உள்ளங்கையை வைத்துப் பார்ப்பவர், காற்றே இல்லை என்று எண்ணிவிட வாய்ப்புண்டு. மெல்லிய டிஷ்யூ தாள் ஒன்றைத் துளைகளின் மீது விரித்தால் ஐயம் தீர்ந்துவிடும். ஊதும் இருக்கையில் தாள் படபடக்கும். உறிஞ்சும் இருக்கையில் உறையோடு ஒட்டிக்கொள்ளும்.

தாளில் அசைவே இல்லை என்றாலும் அதை உடனே மின்பழுது என முடிவு செய்ய இயலாது. பல கார்களில் இக்னிஷன் இயங்கும் நிலையில் இருந்தால் மட்டுமே இவ்வசதி செயல்படும். கடைகளில் வாங்கிப் போடப்படும் தடித்த சீட் கவர்கள் துளைகளை முற்றிலும் அடைத்துவிடுகின்றன. இருக்கைக்கு அடியில் திணிக்கப்படும் குடை, காலணி, நெகிழிப் பை ஆகியவை விசிறியின் வாயை மூடிவிடக்கூடும். பல ஆண்டுகளாகச் சேர்ந்த தூசி இறக்கைகளை அசையவிடாமல் செய்வதும் உண்டு. பொத்தானை அழுத்திய பின்னர் இருக்கைக்கு அடியில் காதைக் கொடுத்துக் கேட்டால், விசிறி சுழலும் மெல்லிய ஒலி கேட்கிறதா என்பது தெரியும். ஒலி கேட்டும் காற்று வராவிட்டால் அது அடைப்பு. ஒலியே இல்லாவிட்டால்தான் மின்சாரத்தைத் தேடிச் செல்ல வேண்டும்.

விளக்கு எரிவது எதற்குச் சாட்சி?

பழைய கார்களில் பொத்தானை அழுத்தினால் மின்சாரம் அந்தப் பொத்தான் வழியாகவே கருவிக்குச் சென்றது. இன்றைய கார்களில் பொத்தான் ஒரு வேண்டுகோளை மட்டுமே அனுப்புகிறது. அந்த வேண்டுகோளை இருக்கையின் கட்டுப்பாட்டுப் பெட்டி பெற்றுக்கொள்கிறது. சில மாடல்களில் லின் எனப்படும் ஒற்றை வயர்த் தகவல் இணைப்பு அதைக் கொண்டுசேர்க்கிறது. எந்த வேகத்தில் சுழல வேண்டும் என்பதை விசிறிக்குச் சொல்வது அந்தப் பெட்டியே. விசிறியை இயக்கும் மின்சாரமோ வேறு பாதையில் வருகிறது: பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் பெட்டிக்கும், அங்கிருந்து ரிலே அல்லது கட்டுப்பாட்டுப் பெட்டி வழியாக இருக்கைக்கு அடியில் உள்ள கனெக்டருக்கும், அதன் பின் விசிறிக்கும் செல்கிறது. விசிறியிலிருந்து எர்த் வயர் வழியாகக் காரின் உலோக உடலை அடைந்து பேட்டரிக்குத் திரும்புகிறது.

ஆகவே, பொத்தானில் மூன்று விளக்குகளும் பளிச்சென்று எரிவது, வேண்டுகோள் பதிவாகியுள்ளது என்பதற்கு மட்டுமே சாட்சி. விசிறிக்கு மின்சாரம் சென்றதா என்பதை அது சொல்வதில்லை. அதே வேளையில், விளக்கு எரிந்து சில நொடிகளில் தானாகவே அணைந்துவிட்டால் அது பயனுள்ள துப்பு. விசிறி சுழல்கிறதா என்பதைக் கண்காணிக்கும் பெட்டி, எதிர்பார்த்த பதில் கிடைக்காததால் வசதியை நிறுத்தியிருக்கலாம்.

செலவே இல்லாத சோதனை ஒன்றும் இருக்கிறது. அது கேள்வி கேட்பது. இரு முன்னிருக்கைகளும் ஒரே நேரத்தில் செயலிழந்தனவா, ஒன்று மட்டுமா? இரண்டும் என்றால், இரண்டுக்கும் பொதுவான ஃப்யூஸ், ரிலே அல்லது கட்டுப்பாட்டுப் பெட்டியின் மீதே முதல் ஐயம் விழ வேண்டும். இரு விசிறிகள் ஒரே நாளில் பழுதாவது அரிது. ஒன்று மட்டும் என்றால் அந்த இருக்கைக்கு உரிய வயரும் கனெக்டரும் விசிறியும் விசாரணைக்கு உட்படும். அமரும் பகுதியில் காற்று வந்து சாய்மானத்தில் மட்டும் வரவில்லை எனில், சாய்மானம் மடங்கும் மூட்டின் வழியே செல்லும் வயரைப் பார்க்க வேண்டும். இருக்கையை முன்னோ பின்னோ நகர்த்தும்போது காற்று வந்து வந்து நின்றால், விடை ஏறக்குறைய கையிலேயே கிடைத்துவிட்டது. ஒவ்வொரு முறை இருக்கை நகரும்போதும் அதனடியில் உள்ள வயர்க் கட்டு வளைந்து நிமிர்கிறது. காரின் தளத்தில் அசையாமல் கிடக்கும் வயருக்கு இல்லாத தேய்மானம் அதற்கு உண்டு.

பணிமனையில் புகார் அளிக்கும்போது 'இருக்கை வேலை செய்யவில்லை' என்று மட்டும் கூறுவதைவிட, இந்த விவரங்களையும் சேர்த்துப் பதிவு செய்வது மெக்கானிக்கின் நேரத்தையும் உரிமையாளரின் பணத்தையும் மிச்சப்படுத்தும்.

ஃப்யூஸ் எரிந்தால் அது காரணம் அல்ல

அளவீட்டின் முதல் படி ஃப்யூஸ். காரின் பயனர் கையேட்டில் இருக்கைக் காற்றோட்டத்துக்கான ஃப்யூஸ் எந்த இடத்தில் உள்ளது, எத்தனை ஆம்பியர் என்பது குறிப்பிடப்பட்டிருக்கும். தகடு வடிவ ஃப்யூஸ்களில் நிறமே அளவைக் கூறுகிறது: 10 ஆம்பியர் சிவப்பு, 15 ஆம்பியர் நீலம், 20 ஆம்பியர் மஞ்சள், 30 ஆம்பியர் பச்சை. ஃப்யூஸைப் பிடுங்கிக் கண்ணால் பார்ப்பதைவிட, அது இருந்த இடத்திலேயே இருக்க, அதன் முதுகில் தெரியும் இரு உலோகப் புள்ளிகளையும் டெஸ்ட் லேம்ப்பால் தொட்டுப் பார்ப்பது நம்பகமானது. இரு புள்ளிகளிலும் விளக்கு எரிந்தால் ஃப்யூஸ் நலமாக உள்ளது. ஒன்றில் மட்டும் எரிந்தால் ஃப்யூஸ் எரிந்துவிட்டது. இரண்டிலும் எரியாவிட்டால் மின்சாரம் ஃப்யூஸ் வரையிலுமே வரவில்லை.

எரிந்த ஃப்யூஸ் நோய் அல்ல, நோயின் அறிகுறி. அதே அளவுள்ள புதிய ஃப்யூஸை ஒரு முறை போட்டுப் பார்க்கலாம். மீண்டும் எரிந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, வயர் எங்கு உரசி உலோகத்தைத் தொடுகிறது என்பதைத் தேட வேண்டும். இருக்கைத் தண்டவாளத்துக்கும் தளத்துக்கும் இடையே நசுங்கிய வயர், எலி கடித்த வயர், பிற்பாடு பொருத்தப்பட்ட உபகரணத்துக்காகக் கிளை எடுத்த வயர் ஆகியவை முதலில் ஐயத்துக்குரியவை.

இந்த இடத்தில் நிகழும் தவறுதான் எல்லாவற்றிலும் அபாயகரமானது. 10 ஆம்பியர் ஃப்யூஸ் அடிக்கடி எரிகிறது என்பதற்காக 20 ஆம்பியர் ஃப்யூஸைப் போடுவதோ, செம்புக் கம்பி இழையைச் சுற்றி வைப்பதோ பழுதை நீக்குவதில்லை. எச்சரிக்கையை மட்டுமே அகற்றுகிறது. வயரின் தடிமன் அந்த 10 ஆம்பியருக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்கப்பட்டது. வயரில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். அந்த வயருக்கு மேலே இருப்பது நுரை மெத்தை. அதன் மேலே அமர்ந்திருப்பவர் ஒரு மனிதர்.

மஞ்சள் நிறக் கனெக்டரைத் தொட வேண்டாம்

ஃப்யூஸ் சரியாக இருந்தால் அடுத்த இடம் இருக்கையின் அடிப்பகுதி. அங்கு பல கனெக்டர்கள் இருக்கும். காற்றோட்டம், இருக்கையை நகர்த்தும் மோட்டார், சீட் பெல்ட் எச்சரிக்கை ஆகியவற்றுக்கான வயர்கள் அங்கு ஒன்றுகூடுகின்றன. அவற்றோடு மஞ்சள் நிறத்தில் ஒரு கனெக்டரோ மஞ்சள் உறையிட்ட வயரோ காணப்பட்டால், அது பக்கவாட்டு ஏர்பேக்குக்கு உரியது. அந்த ஏர்பேக் பெரும்பாலும் முன்னிருக்கைச் சாய்மானத்தின் வெளிப்புற விளிம்பிலேயே பொதிந்திருக்கும்.

இந்தியாவில் ஓட்டுநருக்கான ஏர்பேக் 2019 ஜூலை முதல் கட்டாயமாக்கப்பட்டது. முன்பயணிக்கான ஏர்பேக் 2021 ஏப்ரல் முதல் புதிய மாடல்களுக்குக் கட்டாயமானது. பாரத் என்கேப் மோதல் சோதனை 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. ஆறு ஏர்பேக்குகளைக் கொண்ட கார்கள் பெருகியுள்ள நிலையில், காற்றோட்ட இருக்கை உள்ள காரில் பக்கவாட்டு ஏர்பேக்கும் இருக்கும் என்று கொண்டே பணியைத் தொடங்குவது நல்லது.

ஏர்பேக்கை விரிக்கும் மருந்துப் பொதி மிகச் சிறிய மின்னோட்டத்திலேயே தூண்டப்படக்கூடியது. மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்தால், அதுவே ஒரு சிறு மின்னோட்டத்தைச் சுற்றுக்குள் அனுப்புகிறது. எனவே மஞ்சள் கனெக்டரில் மீட்டரையோ டெஸ்ட் லேம்ப்பையோ வைக்கவே கூடாது. இருக்கையைக் கழற்ற நேர்ந்தால் இக்னிஷனை அணைத்து, பேட்டரியின் எதிர்முனை வயரை நீக்கி, தயாரிப்பு நிறுவனம் குறிப்பிடும் நேரம் வரை காத்திருந்த பின்னரே கனெக்டர்களைப் பிரிக்க வேண்டும். மஞ்சள் கனெக்டர் பிரிந்திருக்கும் நிலையில் இக்னிஷனைப் போட்டால் பிழைக் குறியீடு பதிவாகி, ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு அணையாமல் எரியும். பல கார்களில் ஸ்கேனர் இன்றி அதை நீக்க முடியாது.

பின்வரும் மின்னழுத்தச் சோதனைகள் பேட்டரி இணைந்த நிலையில் செய்யப்படுபவை. அவற்றை இருக்கை அதன் இடத்திலேயே இருக்க, மஞ்சள் கனெக்டர் அசைக்கப்படாமல் இருக்க, காற்றோட்ட விசிறியின் கனெக்டரில் மட்டுமே செய்ய வேண்டும். இதற்கு வசதிப்படாத கார்களில் வேலையைப் பயிற்சி பெற்றவரிடம் ஒப்படைப்பதே முறை.

12 வோல்ட் காட்டும் மீட்டர் ஏமாற்றுவது எப்படி?

தவறான தீர்ப்புகள் பல பிறக்கும் இடம் இதுவே. விசிறியின் கனெக்டரைக் கழற்றி, வயர்ப் பக்க முனைகளில் மீட்டரை வைத்துப் பார்க்கின்றனர். 12 வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறது. மின்சாரம் வருகிறது, விசிறி சுழலவில்லை, ஆகவே விசிறி பழுது என்று முடிவு செய்யப்படுகிறது. கேட்பதற்குப் பிழையற்றதாகத் தோன்றும் இந்த வாதத்தில் ஓர் ஓட்டை உள்ளது.

மாடித் தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறது. குழாயின் நடுவே பாசி அடைத்திருக்கிறது என்று கொள்வோம். கீழே குழாய் மூடியிருக்கும் வரை அங்குள்ள நீரழுத்தம் முழுமையாகவே இருக்கும். திறந்தவுடன்தான் தண்ணீர் நூலாக ஒழுகும். மின்சுற்றும் அவ்வாறே. மல்டிமீட்டர் ஏறக்குறைய மின்னோட்டத்தையே எடுத்துக்கொள்ளாத கருவி. இருபது இழைகளில் பத்தொன்பது அறுந்து ஓர் இழை மட்டும் மிஞ்சிய வயரிலும், பச்சைக் களிம்பு படிந்த பின்னிலும், மீட்டருக்குத் தேவையான அந்த அணுவளவு மின்னோட்டம் தடையின்றிச் சென்றுவிடும். மீட்டர் முழு மின்னழுத்தத்தைக் காட்டும். விசிறியை இணைத்ததும் நிலைமை மாறிவிடும். ஓம் அளவில் வைத்து 'பீப்' ஒலி கேட்டுத் திருப்தி அடைவதும் இதே ஏமாற்றத்துக்கு உட்பட்டதே.

எனவே விசிறி இணைக்கப்பட்டு, வசதி அதிகபட்ச வேகத்தில் இயக்கப்பட்ட நிலையில்தான் அளக்க வேண்டும். அதிகபட்ச வேகம் என்பதற்கும் காரணம் உண்டு. சில மாடல்களில் குறைந்த வேகங்களுக்காக மின்சாரம் விட்டு விட்டு அனுப்பப்படுகிறது. அப்போது மீட்டர் காட்டுவது சராசரி அளவே. கனெக்டரின் பின்புறத்தில், வயர் நுழையும் இடத்தின் வழியாக மெல்லிய ஊசி முனையைச் செலுத்தி, ரப்பர் அடைப்பைக் கிழிக்காமல் அளப்பது வழக்கம்.

ஓர் எடுத்துக்காட்டு இதனை விளக்கும். எஞ்சின் இயங்குகிறது; பேட்டரியில் 14.0 வோல்ட் உள்ளது. பேட்டரியின் நேர்முனைக்கும் விசிறியின் நேர்முனைக்கும் இடையே மீட்டர் 0.2 வோல்ட் காட்டுகிறது. வரும் பாதையில் இழப்பு அவ்வளவே. அது நலமாக உள்ளது. விசிறியின் இரு முனைகளுக்கும் இடையே 8.2 வோல்ட் மட்டுமே இருக்கிறது. எஞ்சிய 5.6 வோல்ட் எங்கே போயிற்று? விசிறியின் எர்த் முனைக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே வைத்தால் அது அங்கே அகப்படுகிறது. நலமான எர்த் பாதையில் இந்த அளவு 0.1 வோல்ட் அல்லது சற்றே கூடுதலாக இருக்க வேண்டும். அப்போது விசிறியின் மின்னோட்டம் 0.8 ஆம்பியர் எனில், எர்த் பாதையில் 7 ஓம் மின்தடை ஒளிந்திருக்கிறது என்று ஓம் விதி கூறிவிடுகிறது. விசிறியில் குற்றமே இல்லை. திரும்பிச் செல்ல வழியின்றி அது திணறுகிறது.

இதே சூழலில் புதிய விசிறி வாங்கிப் பொருத்தியிருந்தால் என்ன நடந்திருக்கும்? வியப்புக்குரிய வகையில், அது சில நாட்கள் நன்றாகவே ஓடியிருக்கக்கூடும். விசிறியை மாற்றுவதற்காகக் கனெக்டரைக் கழற்றி மாட்டும்போது பின்கள் ஒன்றோடொன்று உரசிக் களிம்பு சற்றே அகல்வதால், இணைப்பு தற்காலிகமாக உயிர்பெறுகிறது. பணிமனையில் சோதித்துப் பார்த்து, பணம் பெற்று, கார் ஒப்படைக்கப்படுகிறது. சில வாரங்களில் பழைய கதை திரும்புகிறது. இப்போது குற்றவாளிப் பட்டியலில் அடுத்த பெயர் கட்டுப்பாட்டுப் பெட்டி. 'மாற்றினோம், சரியானது' என்பது மாற்றப்பட்ட பொருள்தான் பழுதானது என்பதற்கு ஆதாரம் ஆகாது.

7 ஓம் எங்கே ஒளிந்திருக்கிறது?

அளவு தெரிந்த பின்னர் இடத்தைத் தேடுவது எளிது. மீட்டரை எர்த் பாதையிலேயே விட்டுவிட்டு, ஒருவர் இருக்கையை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்த, மற்றொருவர் எண்களைக் கவனிக்க வேண்டும். ஓரிடத்தில் எண் தாவினால் வளையும் வயர்க் கட்டில் இழை அறுந்துள்ளது. கனெக்டரைத் தொட்டு அசைக்கும்போது தாவினால் பின் விரிந்துவிட்டது அல்லது களிம்பு ஏறிவிட்டது. எதற்கும் அசையாமல் எண் நிலைத்து நின்றால், காரின் உடலில் எர்த் வயர் திருகப்பட்டுள்ள இடத்தைத் தேடிச் செல்ல வேண்டும். அது தரைவிரிப்புக்கு அடியிலோ கதவோரப் பட்டைக்கு அடியிலோ இருப்பது வழக்கம்.

தரைவிரிப்பைத் தூக்கும்போது ஈரம் தென்பட்டால் அது தனிக் கதை. கார் ஏசியில் உருவாகும் நீர் வெளியேறும் குழாய் அடைத்துக்கொண்டால், அந்நீர் காருக்குள்ளேயே, பெரும்பாலும் முன்பயணியின் கால் பகுதியில் வடியும். கோடையில் ஏசி ஓயாது இயங்கும்போது இது வெளியே தெரியாமல் நாட்கணக்கில் நடக்கும். மும்பை, குருகிராம், பெங்களூரு போன்ற நகரங்களில் மழைக்காலத்தில் தேங்கிய நீரில் சென்ற கார்களிலும், உள்பகுதியை அளவுக்கு மீறி நீர்விட்டுக் கழுவிய கார்களிலும் இதே நிலை ஏற்படும். மேலே துணி உலர்ந்துவிட்டாலும் அடியில் உள்ள பஞ்சு அடுக்கு நீரைப் பிடித்து வைத்திருக்கும். எர்த் திருகைத் தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டு ஏசி குழாயை அப்படியே விட்டால், துரு மீண்டும் வரும்.

விசிறிக்கு வரும் மின்னழுத்தமும் எர்த்தும் சரியாக இருந்து, அப்போதும் அது சுழலவில்லை என்றால்தான் விசிறியும் அதற்கான கட்டளை வயரும் விசாரணைக்கு வருகின்றன. பல காற்றோட்ட விசிறிகள் மூன்று அல்லது நான்கு வயர்களைக் கொண்டவை. இரண்டு மின்சாரத்துக்கு, ஒன்று வேகக் கட்டளைக்கு, நான்காவது இருந்தால், சுழலும் வேகத்தைப் பெட்டிக்குத் திருப்பிச் சொல்வதற்கு. இத்தகைய விசிறிக்குப் பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் கொடுத்துப் பார்ப்பது தவறு. கட்டளை வயரில் 12 வோல்ட் பட்டால் உள்ளிருக்கும் மின்னணுச் சுற்று எரிந்துவிடலாம். நல்ல விசிறியைச் சோதனையே கொன்றுவிடும்.

இங்கு ஸ்கேனர் உதவும். ஆனால் அதன் சொற்களையும் நிதானமாகப் படிக்க வேண்டும். 'விசிறியிடமிருந்து பதில் இல்லை' என்ற பொருள்பட ஒரு குறியீடு வந்தால், பதில் வந்து சேரவில்லை என்பதே அதன் செய்தி. பதில் சொல்ல வேண்டிய விசிறி நின்றிருக்கலாம். பதிலைச் சுமக்கும் வயர் அறுந்திருக்கலாம். பதிலைக் கேட்கும் பெட்டி செவிடாகியிருக்கலாம். மூன்றுக்கும் குறியீடு ஒன்றே.

ஸ்கேனரைவிடத் தெளிவான விடையைத் தரும் சோதனை, இரு பக்க விசிறிகளையும் மாற்றிப் பொருத்திப் பார்ப்பது. இரண்டின் உதிரிபாக எண்ணும் ஒன்றே என உறுதி செய்துகொண்டு, நன்றாக ஓடும் பக்கத்து விசிறியைப் பழுதான பக்கத்தில் இணைக்க வேண்டும். பழுது விசிறியோடு இடம் மாறினால் குற்றம் விசிறியுடையது. அதே இருக்கையில் தங்கிவிட்டால் விசிறி நிரபராதி. புதிய பொருள் எதுவும் வாங்காமலேயே கிடைக்கும் தீர்ப்பு இது.

ரசீதில் இடம்பெற வேண்டியவை

பழுது கண்டறியப்பட்ட பின்னரும் அதனைச் சீர்செய்யும் முறை முக்கியம். வளைந்து நிமிரும் வயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுவது நீடிக்காது. உரிய அளவு கிரிம்ப் இணைப்பும் வெப்பத்தில் சுருங்கும் உறையும் இட்டு, இருக்கை நகரும்போது இழுபடாத அளவுக்குத் தளர்வு விட்டு, தண்டவாளத்தில் உரசாதவாறு கட்ட வேண்டும். ஏர்பேக் வயர் மட்டும் இதற்கு விதிவிலக்கு. அதில் ஒட்டுப்போடுவதைத் தயாரிப்பு நிறுவனங்கள் பொதுவாக அனுமதிப்பதில்லை. வயர்க் கட்டையே மாற்ற வேண்டியிருக்கும்.

உதிரிபாகத்தை மாற்றப் பணிமனை பரிந்துரைத்தால், எந்த அளவீட்டின் அடிப்படையில் அந்த முடிவு எடுக்கப்பட்டது என்று கேட்பதில் தவறில்லை. விசிறி இணைந்த நிலையில் மின்னழுத்தம் எவ்வளவு, எர்த் பாதையில் இழப்பு எவ்வளவு என்ற இரு எண்களை ஜாப் கார்டில் எழுதித் தரச் சொல்லலாம். கழற்றப்பட்ட பழைய பாகத்தைக் கேட்டுப் பெறுவதும் நல்லது. உத்தரவாதக் காலத்துக்குள் இருக்கும் கார்களில், வெளியில் பொருத்தப்பட்ட சீட் கவருக்காகவோ உபகரணத்துக்காகவோ வயர் வெட்டப்பட்டிருந்தால், அந்தச் சுற்றுக்கான உரிமைக்கோரல் மறுக்கப்பட வாய்ப்புண்டு.

தேவையற்ற பாகங்களை மாற்றிப் பணம் வசூலிக்கப்பட்டதாகக் கருதுவோர், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் அளிக்கலாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சேவைக் குறைபாட்டுக்காக நுகர்வோர் ஆணையத்தை அணுகவும் வழி உள்ளது. புகாருக்குக் காரணமான நிகழ்விலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் அணுக வேண்டும். பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய இணையதளத்தில் வாகனத் துறையும் சேர்க்கப்பட்டுள்ளது என்பது குறிப்பிடத்தக்கது.

காரைத் திரும்பப் பெறும்போது இரண்டு நிமிடங்கள் ஒதுக்கினால் போதும். காற்றோட்டத்தை அதிகபட்ச வேகத்தில் வைத்து, இருக்கையை முழுமையாக முன்னுக்கும் பின்னுக்கும் நகர்த்தி, சாய்மானத்தை மடக்கி நிமிர்த்தி, டிஷ்யூ தாளை மீண்டும் ஒரு முறை விரித்துப் பார்க்க வேண்டும். எஞ்சினை அணைத்து மறுபடியும் இயக்கும்போது ஏர்பேக் விளக்கு சில நொடிகள் எரிந்து அணைகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். அது அணையாமல் நின்றால், காற்று எவ்வளவு நன்றாக வந்தாலும், காரை அங்கிருந்து எடுக்கக் கூடாது.